மேதையின் விரல்

கணினிக்கு விரல் கிடையாது என்பதை அந்தத் தொலைக்காட்சி நிலையம் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்டுபிடித்தது. அதற்குள் ‘மேதை’ என்று பெயர் வைத்தாகிவிட்டது, தெருத்தெருவாகச் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது, ‘மனிதரா, மேதையா?’ என்று நிலையத்தின் வாசலில் ஆளுயரப் பலகையும் நட்டாகிவிட்டது. வினாடி வினாவில் பொத்தானை முதலில் அழுத்துகிறவருக்குத்தான் பதில் சொல்லும் உரிமை. மனிதர்கள் விரலால் அழுத்துவார்கள். மேதை கம்பி வழியாக மின்சாரத்தை அனுப்பி அழுத்திக்கொண்டால் அது எந்த ஊர் நியாயம் என்று நேயர்கள் கேட்டார்கள். நியாயம் என்ற சொல் காதில் விழுந்தால் நிலையத்தாரால் சும்மா இருக்க முடியாது. உடனே நியாயக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள்.

குழு முதலில் ஓர் இரும்புக் கையை வரவழைத்தது. ஒத்திகையில் அந்தக் கை பொத்தானை அழுத்தியது. பொத்தான் மேசைக்குள் போனது, மேசை தரைக்குப் போனது. கையைத் திருப்பி அனுப்பிவிட்டுக் குழு மறுபடி கூடியது. மனித விரலுக்குச் சமமான விரல் மனித விரலே என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. மேதைக்குப் பதில் தெரிந்தால் மேசைக்கு அடியில் ஒரு சின்ன விளக்கு எரியும். விளக்கு எரிந்ததும் ஒரு மனிதர் பொத்தானை அழுத்துவார். அவ்வளவுதான் ஏற்பாடு. பொத்தான் அழுத்துவதில் முன் அனுபவம் உள்ளவர் யார் என்று ஆளாளுக்கு யோசித்தார்கள். அவர்களை அந்த மாடிக்கு ஏற்றிக்கொண்டு வந்து விட்டவர் கதவுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

லிஃப்ட்காரர் தலை நரைக்கத் தொடங்கிய மனிதர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தற்காலிகம். நிரந்தரமாக்கி விடுகிறோம் என்று வாக்குக் கொடுத்த இயக்குநர்களை எல்லாம் ஒவ்வொருவராக ஓய்வுபெற்ற நாளில் கீழே இறக்கிவிட்டு வணக்கம் சொல்லியிருக்கிறார். இப்போதைய இயக்குநர் தினமும் காலையில் லிஃப்டுக்குள் நுழைந்து, யார் முகத்தையும் பார்க்காமல், “நாலு” என்பார். இவர் அழுத்துவார். இருவருக்கும் இடையே நடந்த பேச்சுவார்த்தை மொத்தமும் அந்த ஒரு சொல்தான்.

நேர்முகத் தேர்வில்தான் முதல் தடவையாக இயக்குநர் அவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசினார்.

“பொத்தானை அமுக்கும்போது மனசுல என்ன நினைப்பீங்க?”

“ஒண்ணும் நினைக்க மாட்டேங்க ஐயா. மாடி சொல்வாங்க, அமுக்குவேன்.”

குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்த மாதிரி மனசு இந்தக் கட்டடத்துல வேற யாருக்கும் கிடையாது. எனக்கே சில நேரம் ஏதாவது யோசனை வந்துடுது” என்றார்.

லிஃப்ட்காரர் கையைப் பிசைந்துகொண்டு, “ஐயா, நிரந்தரம் விஷயமா...” என்று இழுத்தார்.

“விரல் நல்லா வேலை செய்யட்டும், பாக்கலாம்.”

இங்கே ஒரு சிக்கல் வந்தது. புதிதாக ஆள் எடுக்க நிலையத்துக்கு அனுமதி இல்லை. ஆனால் கருவி வாங்க அனுமதி உண்டு. எனவே லிஃப்ட்காரரின் வலது ஆள்காட்டி விரலைக் கருவியாகப் பதிவு செய்துகொண்டார்கள். கருவிகள் பிரிவு அதிகாரி விரலை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, பழுது ஏதும் இல்லை என்று குறித்துக்கொண்டு, நகத்தின் மேல் எண் போட்ட ஒரு வில்லையை ஒட்டினார். பிறகு விதிகளை வாசித்துக் காட்டினார். அன்று முதல் அந்த விரல் நிலையத்தின் சொத்து. சொந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. காது குடைவது, தலை சொறிவது, யாரையாவது சுட்டிக்காட்டுவது எல்லாம் முறைகேடு.

“மூக்குங்க?” என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

“அதை விதியில தனியா போட்டிருக்கோம்” என்றார் அதிகாரி.

மறுநாள் வாசலில் காவலாளி மறித்தார். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவர்கள்தான். ஆனால் சீருடை போட்டுவிட்டால் காவலாளிக்குப் பழக்கம் எல்லாம் மறந்துபோகும்.

“விரலுக்குப் படப்பிடிப்பு அரங்குக்குப் போக அனுமதி இருக்கு. உங்களுக்கு இல்லையே.”

“அப்ப விரலை மட்டும் அனுப்பவா?”

“அது உங்க சௌகரியம். கூட யாராவது வந்தா பார்வையாளர் சீட்டு வாங்கணும்.”

“சீட்டுல யாரைப் பாக்கணும்னு எழுத?”

காவலாளி நெற்றியைத் தடவினார். “விரலைப் பாக்கணும்னு எழுதுங்க.”

அதன்படி லிஃப்ட்காரர் தினமும் தன் விரலைப் பார்க்க வந்திருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். வலது கையால் பேனா பிடித்தால் கருவி தேயும் என்று அதிகாரி ஆட்சேபித்ததால் இடது கையால் போட்டார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

படப்பிடிப்பு நாட்களில் லிஃப்ட் நின்றுபோனது. பொத்தானை யார் வேண்டுமானாலும் அழுத்தலாமே என்று உங்களுக்குத் தோன்றும். உங்களுக்கு அலுவலகம் தெரியவில்லை. லிஃப்ட்காரரின் இடம் காலியாக இல்லை. காலியாக இல்லாத இடத்தில் வேறொருவர் விரல் வைப்பது அத்துமீறல். இயக்குநர் மூச்சிரைக்க நான்காம் மாடிக்குப் படியேறினார். போகிற வழியில் மாடிக்கு மாடி நின்று, தொழில்நுட்பத்துக்காகத் தான் செய்யும் தியாகம் இது என்று அங்கிருந்தவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் மேலே போனார்.

அரங்கில் மேதைக்குப் பீரோ மாதிரி ஒரு பெட்டி செய்திருந்தார்கள். உண்மையான மேதை பக்கத்து அறையில் ஏசி குளிரில் இருந்தது. இந்தப் பெட்டி பார்வைக்கு. பெட்டிக்குப் பின்னால் கறுப்புத் திரை, திரைக்குப் பின்னால் லிஃப்ட்காரர், அவர் கண்ணெதிரே அந்தச் சின்ன விளக்கு. பெட்டியில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியாக விரல் மட்டும் வெளியே நீட்டியிருக்கும். மேக்கப்காரர் அதற்கு இரும்பு நிறச் சாயம் பூசினார். சோப்புக்கும் அசையாத சாயம் அது. மேதையின் குரலுக்குச் செய்திப் பிரிவிலிருந்து ஓர் அம்மாளைக் கொடுத்திருந்தார்கள். மேதையின் திரையில் எது தெரிந்தாலும் அதை அப்படியே படிப்பது அவர் வேலை. சம வசதி என்ற பெயரில் போட்டியாளர்களுக்கு வைப்பதுபோல மேதைக்கும் ஒரு கோப்பை தேநீர் வைத்தார்கள். அது ஏடு படிந்து ஆறிப்போகும். லிஃப்ட்காரருக்குத் தொண்டை வறண்டாலும் தொட முடியாது, அது மேதையின் தேநீர்.

விளக்கு எரியும், விரல் அழுத்தும். மேதை ஜெயித்துக்கொண்டே போனது. பேராசிரியர்கள் தோற்றார்கள், மருத்துவர்கள் தோற்றார்கள். தெருவில் போகும்போது லிஃப்ட்காரரை, “அதோ, விரல் போறாரு” என்றார்கள். கடைக்காரர் ஒருவர் சாயம் பூசிய விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “சாதாரண விரல் மாதிரியே இருக்கே” என்று வியந்தார். லிஃப்ட்காரருக்கு உச்சி குளிர்ந்தது. இத்தனை வருஷம் லிஃப்ட் ஓட்டியதில் யாரும் அவரை இப்படித் திரும்பிப் பார்த்ததில்லை. பின்னால் இதை நினைத்தபோதெல்லாம் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வீட்டில் அவருக்குச் சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட்டார். விரலைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியைக் கேட்டு முதலில் வயிறு வலிக்கச் சிரித்தவர், பிறகு ஒவ்வொரு நாளும் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் நின்று, கழுத்துப் பொத்தானிலிருந்து கீழ்வரை போட்டுவிடுவார். மனைவிக்கு ரயில் நிலையத்தில் விசாரணை கவுண்டரில் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஊரே கேட்கும், வண்டி எப்போது வரும் என்று. தகவல் வரும்வரை, “கொஞ்சம் பொறுங்க” என்பார். உடனே திட்டு விழும். “உன்னை எதுக்கு உக்கார வச்சிருக்காங்க?” என்று கேட்காத பயணி கிடையாது. இரண்டு வண்டிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் நூலகத்துப் புத்தகங்களாகப் படித்துத் தள்ளுவார்.

மேதையோடு மோத ஆள் தேடிய விளம்பரத்துக்கு அவர் வீட்டில் சொல்லாமலே விண்ணப்பித்திருந்தார். எழுத்துத் தேர்வில் தேறி, இறுதிச் சுற்றுக்கு அழைப்பும் வந்துவிட்டது.

“நீயா?” என்றார் லிஃப்ட்காரர். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

“ஆமா, நான்தான். வாழ்க்கையில ஒரு தடவையாவது, வண்டி எப்ப வரும்னு இல்லாத ஒரு கேள்வியை யாராவது என்கிட்ட கேக்கட்டுமே. நான் பதில் சொல்றதை நாலு பேர் உக்காந்து கேக்கட்டுமே. ஆசைப்படக் கூடாதா?”

மறுநாள் காலை மனைவி பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தபோது லிஃப்ட்காரர் குரலைத் தாழ்த்தி, “ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. உனக்கு யோசிக்க நேரம் வேணும்னா நான் கொஞ்சம் மெதுவா அமுக்கறேன். யாருக்குத் தெரியப் போகுது?” என்றார்.

மனைவியின் கை பாதிப் பொத்தானில் நின்றது.

“ஏங்க, என்னைப் பத்தி அவ்வளவுதான் நினைச்சிருக்கீங்களா? விளக்கு எரிஞ்சா உடனே அமுக்குங்க. எரியலைன்னா அமுக்காதீங்க. நான் உங்ககிட்ட கேக்கறது அது ஒண்ணுதான். ஜெயிச்சா நான் ஜெயிச்சதா இருக்கணும். தோத்தாலும் நான்தான் தோத்ததா இருக்கணும்.”

“சரி.”

“சரின்னா வாய் வார்த்தை இல்லையே?”

“இல்லைம்மா. சத்தியமா.”

மீதிப் பொத்தான்களையும் போட்டுவிட்டுச் சட்டையை ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவைத்தார்.

நிலைய ஊழியர்களின் உறவினர்கள் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. லிஃப்ட்காரர் நேர்மையான மனிதர், அதுவரைக்கும். நேராகக் கருவிகள் பிரிவு அதிகாரியிடம் போய், “என் சம்சாரம் போட்டியில இருக்காங்க” என்று சொல்லிவிட்டார். நியாயக் குழு அவசரமாகக் கூடியது. லிஃப்ட்காரர் ஊழியரா? தற்காலிகம், எனவே முழு ஊழியர் இல்லை. நிகழ்ச்சியில் பங்கேற்பது அவரா? இல்லை, விரல். விரல் யார்? கருவி. மாலைக்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது: ‘கருவிகளுக்கு உறவினர் எவரும் இருப்பதாக நிலையத்தின் பதிவுகளில் காணப்படவில்லை.’

இயக்குநர் அன்று குழுவில் ஓர் உரையும் ஆற்றினார். லிஃப்ட்காரர் விரலோடு ஓரமாக நின்று கேட்டார்.

“மனுஷங்களுக்கு நாம எதிரி இல்லை. மனுஷங்கதான் நம்ம நேயர்கள். அவங்க இல்லைன்னா விளம்பரத்தை யார் பாக்கறது? இந்தப் போட்டியில யார் ஜெயிக்கணும்னு நான் இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. யார் தோக்கணும்கறதை மட்டும்தான் சொல்லியிருக்கேன். நடுநிலைதான் நம்ம நிலையத்தோட உயிர். அதை யார் பக்கம் வச்சுக்கறதுங்கறதை மேலிடம் தெரிவிக்கும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். லிஃப்ட்காரரும் தட்டப் போனார். அதிகாரி முறைத்ததும் விரலை நீட்டி ஒதுக்கி வைத்துக்கொண்டு மீதியைத் தட்டினார்.

இறுதிச் சுற்றுக்கு முன்னால் போட்டியாளர்களுக்குத் தோல்வி ஒத்திகை நடந்தது. ஒரு வழக்கறிஞர், ஒரு பல் மருத்துவர், லிஃப்ட்காரரின் மனைவி, மூன்று பேர். எப்படித் தோற்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்தார்கள். முகம் சுளிக்கக் கூடாது, கண்ணீர் வந்தால் வலது கண்ணில் வர வேண்டும், ஏனென்றால் கேமரா அந்தப் பக்கம். கடைசியாக மேதையின் அருகே போய் விரலைப் பிடித்துக் குலுக்கி, ‘அறிவுக்கு என் வணக்கம்’ என்று சொல்ல வேண்டும். வழக்கறிஞர் ஒரே தடவையில் பழகிவிட்டார். மனைவியின் முறை வந்தபோது, “நான் ஜெயிச்சா என்ன சொல்லணும்?” என்று கேட்டார். பயிற்சியாளர் தாளைப் புரட்டிப் பார்த்து, “அதுக்கு எதுவும் எழுதித் தரலையே” என்றார்.

அன்று அரங்கு நிறைந்திருந்தது. மேலிடத்துப் பெரியவர் நேரில் வந்திருந்தார். முன்வரிசையில் அகலமான நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவர் துடைத்ததைக் கண்டு இயக்குநருக்கு வியர்த்தது. அரங்கு முழுக்க எத்தனையோ விளக்குகள், குளிர் போதவில்லை. கட்டடத்திலேயே நல்ல குளிர் எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்கள். மேதையின் அறையில். அந்தக் குளிர்க்காற்றுக் குழாயை அப்படியே திருப்பிப் பெரியவரின் நாற்காலிக்குப் பின்னால் விட்டார்கள். பெரியவர் சிரித்தார். மேதை அறையின் பொறியாளர் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெரியவர் சிரித்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுவது வழக்கமில்லை என்று அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

போட்டி தொடங்கியது. திரைக்குப் பின்னால் குந்தியிருந்த லிஃப்ட்காரருக்கு விரலைச் சுற்றியிருந்த இடுக்கு வழியாகத்தான் உலகம் தெரிந்தது. அதில் நேர் எதிரே மனைவியின் மேசை. நல்ல புடவை கட்டியிருந்தார். மைக்கைப் பார்த்துச் சின்னதாக ஒருமுறை இருமிக்கொண்டார். கவுண்டரில் ஒலிபெருக்கியில் பேசுவதற்கு முன்னால் அவர் இருமுவது அப்படித்தான்.

பல் மருத்துவர் முதலில் கழன்றுகொண்டார். வழக்கறிஞர் ஒரு கேள்விக்கு வாய்தா கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. மனைவி மட்டும் நின்றார். விளக்கு எரிந்தபோதெல்லாம் விரல் அழுத்தியது, ஆனால் அதற்கு முன்பே அவர் அழுத்திவிட்ட கேள்விகளும் நிறைய இருந்தன. ஆறுகளைச் சொன்னார், அரசர்களைச் சொன்னார், பறவைகளைச் சொன்னார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. லிஃப்ட்காரருக்கு நெஞ்சு விம்மியது. என் பெண்டாட்டி என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. விளக்கின் மேல் ஒரு கண்ணும் மனைவியின் மேல் ஒரு கண்ணுமாக இருந்தார். வாக்குக் கொடுத்தபடி, எரிந்தால் அழுத்தினார், எரியாவிட்டால் சும்மா இருந்தார். அவ்வளவு நிம்மதியாக அவர் எந்த வேலையும் செய்ததில்லை.

கடைசிக் கேள்விக்கு வரும்போது இருவரும் சமம். ஜெயிப்பது யார் என்று அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். தொகுப்பாளர் குரலை இழுத்துக் கேட்டார்.

“ஒரு கோள் இருக்கு. அது தன்னைத்தானே ஒரு தடவை சுத்தி முடிக்கறதுக்கு முன்னாடியே சூரியனை ஒரு தடவை சுத்தி முடிச்சுடும். எந்தக் கோள்?”

விளக்கு எரியவில்லை.

பக்கத்து அறையில் குளிர் இல்லாமல் கொதித்துப்போன மேதை மயங்கிவிட்டிருந்தது. திரைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு அது தெரியாது. லிஃப்ட்காரர் விளக்கைப் பார்த்தார், இடுக்கு வழியாக மனைவியைப் பார்த்தார். அவர் கண்ணை மூடியிருந்தார். வீட்டில் எதையாவது நினைவுக்குக் கொண்டுவரும்போது அப்படித்தான் மூடுவார், பிறகு மூச்சை இழுத்துவிட்டுச் சொல்வார், சொன்னால் தப்பாது. இதோ, மூச்சை இழுக்கிறார்.

“அமுக்குங்க!” என்று காதருகே கருவிகள் பிரிவு அதிகாரி சீறினார்.

“விளக்கு எரியலைங்களே.”

“மேலிடம் பாத்துக்கிட்டு இருக்கு. அமுக்குங்கய்யா!”

மனைவி கண்ணைத் திறந்தபோது விரல் பொத்தான்வரை போயிருந்தது. லிஃப்ட்காரர் அதை இழுத்துக்கொண்டார். ஓட்டைக்குள் முழுதாக வந்துவிட்டது. தன் வாழ்நாளில் ஓர் அதிகாரி சொல்லி அவர் செய்யாமல் விட்டது அதுதான் முதல் தடவை. அதிகாரிக்கு முகம் வெளிறிவிட்டது.

அப்போது இயக்குநர் குனிந்து வந்தார். அவர் அதட்டவில்லை, கெஞ்சவுமில்லை. யார் முகத்தையும் பார்க்காமல், தினமும் காலையில் சொல்கிற அதே குரலில், “நாலு” என்றார்.

விரல் அழுத்தியது.

பழக்க தோஷம் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். இத்தனை வருஷம் அந்தச் சொல்லைக் கேட்டு அழுத்திய விரல், தானாகப் போய்விட்டது என்றால் ஊர் நம்பும். ஆனால் லிஃப்ட்காரருக்குத் தெரியும். ‘நாலு’ காதில் விழுந்ததற்கும் விரல் நீண்டதற்கும் நடுவில் துளி நேரம் இருந்தது. அந்தத் துளி நேரத்தில் இடுக்கு வழியாக மனைவியின் முகம் மலர்ந்ததையும், அவர் கை மேசைக்கு மேலே எழுந்ததையும் பார்த்தார். நிரந்தரம் என்ற சொல்லும் அதே நேரத்தில்தான் மனதில் வந்தது. பார்த்துவிட்டுத்தான் அழுத்தினார்.

மனைவியின் கை அந்தரத்தில் நின்றது.

“மேதை அழுத்திவிட்டது!” என்று தொகுப்பாளர் கூவினார். “மேதையின் பதில் என்ன?”

செய்திப் பிரிவு அம்மாள் திரையைப் பார்த்தார். மயங்கிய கணினியின் திரையில் என்ன இருக்குமோ அதுதான் இருந்தது. படிப்பது மட்டும்தான் அவர் வேலை. கணீரென்று படித்தார்:

“சற்றுப் பொறுக்கவும்.”

தொகுப்பாளர் பொறுத்தார். பெரியவர் பொறுத்தார். இயக்குநர் திரைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, மேடையோரம் உட்கார்ந்திருந்த நடுவரைப் பார்த்த பார்வையில் ஓர் அலுவலகத்தின் மொத்த எதிர்காலமும் இருந்தது. நடுவர் எழுந்து மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“நாமெல்லாம் ஒரு பேரை எதிர்பாத்தோம். வெள்ளின்னு சொல்லியிருந்தா சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனா மேதை அந்த மட்டத்துக்கு இறங்கலை. யோசிச்சுப் பாருங்க. ஒரு சுத்து முடியறதுக்குள்ள ஒரு வருஷமே ஓடிப்போற இடம் அது. அங்க போய் நிக்கறவங்ககிட்ட வேற என்னங்க சொல்ல முடியும்? சற்றுப் பொறுக்கவும்! கேட்டது பேரை, சொன்னது அதோட தத்துவத்தை. இந்தப் பதிலைச் சரின்னு சொல்றதுக்கு எனக்குத் தகுதி இருக்கான்னுதான் யோசிச்சேன். இருந்தாலும் சொல்லிடறேன். சரி.”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து தட்டினார். பின்வரிசையில் ஒருவர், “சற்றுப் பொறுக்கவும்... அடடா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதையே ‘கொஞ்சம் பொறுங்க’ என்று சொன்னதற்காகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வருஷக் கணக்காகத் திட்டு வாங்கியவர் மேடையில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அழுகை வரவில்லை, இரண்டு கண்ணிலும். தூக்கிய கையை மட்டும் மெதுவாக இறக்கிக்கொண்டார்.

ஒத்திகைப்படி வழக்கறிஞரும் பல் மருத்துவரும் வந்து விரலைக் குலுக்கினார்கள். பிறகு மனைவி வந்தார். இடுக்கில் புடவையின் ஓரம் மட்டும் தெரிந்தது. லிஃப்ட்காரருக்கு விரலை உள்ளே இழுத்துக்கொண்டு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. அதிகாரி பின்னால் நின்றிருந்தார், ஓட வழியில்லை. மனைவியின் கை விரலைப் பிடித்தது. காலையில் பொத்தான் போட்டுவிட்ட அதே கை. குலுக்கவில்லை, கொஞ்ச நேரம் பிடித்திருந்தது.

“அறிவுக்கு என் வணக்கம்” என்றார் மனைவி. சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னார்.

பெரியவர் மைக்கைப் பிடித்தார். “மேதைக்கு நான் என்ன தர முடியும்? அதுக்கு எந்த ஆசையும் கிடையாது. அதனால அதுக்காக உழைச்ச அந்த விரலைக் கௌரவிக்கறேன். இன்னிக்கு முதல் அந்த விரல் இந்த நிலையத்துல நிரந்தரம்!”

திரைக்குப் பின்னால் லிஃப்ட்காரர் அதிகாரியின் சட்டையை இடது கையால் பிடித்து இழுத்தார். “ஐயா, நான்?”

“அதான் விரலை நிரந்தரமாக்கிட்டாங்களே. நீங்க வழக்கம்போல அதுகூட வாங்க, தற்காலிகமா.”

அவருக்குக் கோபம் வரவில்லை. அதற்கும் ஒரு தகுதி வேண்டும் அல்லவா? கூனிக் குறுகி எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, தன் இடமான லிஃப்டுக்குப் போய் நின்றார். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பெரியவர் வந்தார், நடுவர் வந்தார், மேதையின் ஆழத்தைப் பற்றிப் பேசியபடியே இறங்கினார்கள். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தவர்கள் வணங்கினார்கள்.

கடைசியாக மனைவி வந்தார். தோற்றவர்களுக்கு ஆறுதல் பரிசாக மேதையின் புகைப்படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் ஏறி, கதவைப் பார்த்து நின்றார். லிஃப்ட்காரர் ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக, “ரொம்ப நல்லா பதில் சொன்னே” என்றார். சொல்லிவிட்டு ஏன் சொன்னோம் என்றிருந்தது.

“விளக்கு எரிஞ்சுதா?”

அந்த ஒரு கேள்விதான் கேட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எரிஞ்சுது” என்றார் லிஃப்ட்காரர். காதுவரை சூடாகியது.

“விளக்கு எரிஞ்சா உங்க விரல் யோசிக்காதுங்க. இன்னிக்கு பூரா அதைத்தானே பாத்துக்கிட்டு நின்னேன். கடைசித் தடவை மட்டும் பொத்தான்வரைக்கும் வந்துச்சு, உள்ள போச்சு, திரும்பி வந்துச்சு. உள்ள போனப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?”

லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்யப் போனார். தரைத்தளத்துப் பொத்தானை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

மனைவி புகைப்படத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, அவர் கையை மெல்ல விலக்கினார்.

“வேண்டாங்க. அது நிலையத்துச் சொத்து. சொந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.”

தன் விரலாலேயே அழுத்தினார். கதவு மூடிக்கொண்டது. கீழே போய்ச் சேரும்வரை லிஃப்ட்காரர் தன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு பயணியைப் போல நின்றுகொண்டிருந்தார்.